வீட்டுத்தோட்டம் யாருடைய கடமை?

ஒரு நாட்டில் உணவுத் தட்டுப்பாடு தலைகாட்டும்போதெல்லாம் அந்நாட்டு மக்களுக்குத் தவறாது வழங்கப்படும் அறிவுரை ஒன்றுண்டு. தமக்கு வேண்டிய மரக்கறியை ஒவ்வொரு வீட்டாரும் தம் வளவிலேயே பயிரிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றபோது இக்குரல் எழுந்தது. எண்பது ஆண்டுகளின் பின், 2022இல், வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென நாடு கைவிரித்த வேளையிலும் அதே குரல் எழுந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. எரிபொருளின்றி வேலைத்தலங்களுக்குச் செல்லமுடியாதிருந்த நிலையும் அத்தீர்மானத்துக்கு ஒரு காரணம். அதே ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியிருந்தது. முன்னைய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்த அந்நாட்களிலேதான், மண்வெட்டியைக் கையிலெடுக்குமாறு மக்கள் கேட்கப்பட்டனர்.

மண்வெட்டியை எடுப்பது நல்லதே. உழைப்பை இழிவெனக் கருதும் மனப்பான்மை படித்த வகுப்பாரிடையே வேரோடியிருக்கும் எமது சமுதாயத்தில், கையில் மண்படுவது ஒரு கல்வியுமாகும். ஆயின், அறிவுரை ஒன்று கடமையின் உருவத்தை எடுக்கும்போது, அதனுள்ளே ஒரு குற்றச்சாட்டும் அடங்கிவிடுகிறது. “நீ பயிரிடவில்லை, ஆதலால் பசித்திருக்கிறாய்” என்பதே அக்குற்றச்சாட்டு. பசிக்குச் சோம்பலே காரணமென்று நிறுவிவிட்டால், பசிக்குப் பொறுப்பான ஏனையோர் அனைவரும் தப்பித்துக்கொள்வர். எனவே வீட்டுத்தோட்டம் நல்லதா, தீயதா என்பதன்று எமது கேள்வி. அது கடமையாயின் யாருடைய கடமை? இதுவே ஆராய வேண்டிய அறப் பிரச்சினை.

ஒருவனால் இயலாத செயலை அவனது கடமையென விதிக்கலாகாது என்பது அறவியலின் அடிப்படைகளுள் ஒன்று. ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் இதனை வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர். தமிழ் படித்தோர்க்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேறொரு மொழியும் உண்டு. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றிலே தோன்றும் மரமும் விலங்கும் உணவும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இப்பகுப்பு காதற் பாடல்களுக்கென வகுக்கப்பட்டதாயினும், மனித ஒழுக்கம் அந்தரத்தில் நிற்பதில்லை, நிலத்திலும் காலத்திலும் காலூன்றியே நிற்கிறது என்ற பொருள்முதல் நோக்கு அதனுள்ளே பொதிந்துள்ளது. வீட்டுத்தோட்டத்தைப் போதிப்போர் செய்யும் பிழையும் இங்கேதான் தெளிவாகிறது. அவர்கள் விடாமுயற்சி, சிக்கனம், பொறுமை ஆகிய உரிப்பொருளை மக்களிடம் கேட்கின்றனர். நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருள் யாரிடம் இருக்கிறதென்று கேட்க மறந்துவிடுகின்றனர்.

இதனைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தோட்டத்தை ஒரு போகத்துக்கு மட்டும் பாராமல், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பார்த்தல் வேண்டும். மழைக்குப் பின் நான்கு பாத்தி கட்டிக் கீரை விதைத்து, ஒளிப்படம் எடுத்துக்கொள்வது எவர்க்கும் இயலும். பாடசாலைத் தோட்டங்கள் பலவற்றின் வரலாறும் இதுதான். முதலாந் தவணையிலே பாத்திகள் செழித்திருக்கும்; பார்வையிட வருவோர் பாராட்டிச் செல்வர். சித்திரை விடுமுறையில் நீரூற்ற ஆளின்றி அனைத்தும் கருகிப்போகும். பன்னிரண்டு மாதமும் ஒரு தோட்டம் பச்சையாக இருக்க வேண்டுமாயின், ஒவ்வொரு பருவமும் மனிதனிடம் ஒவ்வொன்றைக் கேட்கும். அவை எவையென்பதை யாழ்ப்பாணத்து வளவொன்றை வைத்தே காண்போம்.

இலக்கணம் ஆவணியையும் புரட்டாதியையும் கார்காலம் என்கிறது. யாழ்ப்பாணத்திலோ அப்போது பெருமழை இல்லை; எமது மாரி ஐப்பசியிலேயே தொடங்குகிறது. ஆவணி, புரட்டாதி எமக்கு ஆயத்த காலம். மண்ணைக் கொத்திப் புரட்டுதல், எருப் பரப்புதல், பூவரசங் குழையும் வேப்பங் குழையும் வெட்டித் தாழ்த்தல், மிளகாய்க்கும் கத்தரிக்கும் நாற்றுமேடை போடுதல், பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்குதல் ஆகிய வேலைகளெல்லாம் அப்போது நடைபெறும். ஒரு பிடி கீரையும் தராத பருவம் இது. இன்று செய்யும் உழைப்பின் பயன் மூன்று மாதங்களின் பின்னரே வரும். இதற்கு வேண்டியது பொறுமை மட்டுமன்று. அந்த மூன்று மாதங்களும் உண்ணுவதற்கு வேறு வழி இருத்தல் வேண்டும். அன்றன்றைய கூலியில் அன்றன்று உலையேற்றும் குடும்பத்திடம் ‘பொறுத்திரு’ எனக் கூறுவது எளிது. பொறுத்திருப்பதற்கும் ஒரு முதல் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை நிலத்தைக் கேட்கிறது. மேட்டு வளவுகளில் நீர் வடிந்துவிடும். தாழ்ந்த நிலத்தில் அது நாட்கணக்கில் தேங்கும். தேங்கிய நீரில் முதலில் பப்பாசி சாகும், பின்னர் மிளகாய் வாடும். எந்த ஊரிலும் மேட்டு நிலம் யாரிடம் இருக்கிறது, பள்ளமும் வெள்ளவாய்க்காலின் ஓரமும் யாருக்கு ஒதுக்கப்பட்டன என்பதைச் சற்று விசாரித்துப் பார்த்தால், மண்ணின் ஏற்றத்தாழ்வுக்கும் மனிதரின் ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

நிலத்தின் பிரச்சினை இத்துடன் முடிவதில்லை. முருங்கைக் கம்பும் வேலிக் கதியாலும் தென்னம்பிள்ளையும் நடுவதற்கு ஏற்ற காலம் இது. ஆண்டு முழுவதும் பயன்தரும் தோட்டத்தின் முதுகெலும்பு இத்தகைய பல்லாண்டு மரங்களே. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவன் கீரை விதைப்பான், பலா நடமாட்டான். அடுத்த ஆண்டு இவ்வீட்டில் இருப்போம் என்ற உறுதி இல்லாதவனுக்கு மரம் ஒரு வீண்செலவு. எமது வரலாற்றில் இவ்வுறுதி எத்தனை பேரிடமிருந்து பறிக்கப்பட்டது! 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண் காணிகளை விட்டு ஓடினர். பின்னர் படிப்படியாக விடுவிக்கப்பட்ட போதும் அக்காணிகள் இன்னும் முழுமையாக உரியவர்க்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு ஐப்பசியில், வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தவாறு தென்மராட்சி நோக்கி நடந்தனர். இவற்றுள் பின்னைய இரண்டும் கதியால் நடும் மாதத்தில் நிகழ்ந்தவை. நலன்புரி நிலையத்தின் கொட்டிலில் ஆண்டாண்டாக வாழ்ந்த ஒரு தாயிடம் வீட்டுத்தோட்டத்தின் பயன்களைப் பற்றி எவர் என்ன கூறமுடியும்?

மார்கழி, தை மாதங்களில் தோட்டம் உழைப்பு நேரத்தைக் கேட்கிறது. நாற்று நடுதல், களை பிடுங்குதல், பயிற்றைக்கும் பாகலுக்கும் பந்தல் போடுதல், பனியோடு வரும் பூச்சியை இலை இலையாகப் பார்த்தல் ஆகிய அனைத்துக்கும் பொழுது வேண்டும். இராசவள்ளிக் கிழங்கு தோண்டப்படுவதும் இப்போதுதான். இந்தப் பொழுது யாருடைய பொழுது? ‘வீட்டார்’ பயிரிட வேண்டும் என்னும்போது அச்சொல் பெரும்பாலும் ஒரு பெண்ணைக் குறிக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பின்னர் வேலைக்கும் சென்று திரும்பும் பெண்ணின் நாளிலே, தோட்டம் இன்னும் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அவ்வேலைக்குச் சம்பளமும் இல்லை. அதை வேலையென்று எண்ணும் வழக்கமும் இல்லை. 2022இன் வெள்ளிக்கிழமை விடுமுறையும் அரச ஊழியருக்கே உரியதாயிருந்தது. நாட்கூலிக்குச் செல்வோர்க்கு வேலையில்லாத வெள்ளி விடுமுறையாகாது. அது பட்டினி நாள்.

மாசி, பங்குனியில் தோட்டம் நிறைந்து வழிகிறது. கத்தரியும் தக்காளியும் பூசணியும் ஒரே வேளையில் காய்க்கின்றன. எல்லா வீட்டிலும் காய்ப்பதால் சந்தையில் விலை வீழ்கிறது. இப்பருவம் கேட்பது அறிவையும் உறவையும். கத்தரி வற்றலும் பாகல் வற்றலும் மோர்மிளகாயும் இந்த மிகுதியைக் கோடைக்குக் கடத்துவதற்கு எம் மூதாட்டியர் கண்ட வழிகள். நன்கு முற்றிய காயை விதைக்கென விட்டு, சாம்பலில் புரட்டி வைத்து, அயல்வீட்டுக்கும் ஒரு பிடி கொடுத்தவர்களும் அவர்களே. இன்று கடையில் வாங்கும் கலப்பின விதையின் காயிலிருந்து எடுக்கும் விதை, தாய்ச்செடியின் குணத்தைத் தவறாது தருவதில்லை. ஆதலால் ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டியதாகிறது. வேலிக்கு மேலால் கைமாறிய விதை வியாபாரப் பண்டமாகியபோது, பணத்தோடு ஊரின் நினைவாற்றலிலும் ஒரு பகுதி எமது கையைவிட்டுப் போயிற்று.

சித்திரை, வைகாசியில் தோட்டம் நீரைக் கேட்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையில் ஊறி நிற்கிறது. அதுவே எமது கிணறு. கோடையில் நீர்மட்டம் இறங்கும்; கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும். ஆகவே இவ்விரு மாதங்களிலும் பச்சையாக நிற்கும் வளவு எதுவென்று கேட்டால், நல்ல கிணறுள்ள வளவே என்பது விடை. நல்ல கிணறு யாரிடம் இருந்தது என்பதுதான் யாழ்ப்பாணச் சமுதாய வரலாறு. சாதியின் பேரால் ஒடுக்கப்பட்ட மக்கள் பிறர் கிணற்றில் நீர் அள்ளுவதற்குத் தடுக்கப்பட்டு, குடத்துடன் கிணற்றடிக்கு வெளியே காத்துநின்ற காலம் நெடியது. கே. டானியல் தம் நாவலொன்றுக்கு ‘தண்ணீர்’ எனப் பெயரிட்டது காரணமின்றி அன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்பின்னும் 1960களின் பிற்பகுதியில் கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் நுழைவுரிமை கேட்டு மக்கள் போராட வேண்டியிருந்தது. குடிப்பதற்கே நீர் மறுக்கப்பட்டவன் கோடையில் கத்தரிக்கு எங்ஙனம் நீரூற்றுவான்? அவன் முற்றம் வெறும் மணலாய்க் கிடந்ததைக் கண்டு, ‘இவர்களுக்கு முயற்சி இல்லை’ என்றனர், கிணற்றைப் பூட்டிவைத்திருந்தவர்கள்.

ஆனி, ஆடியில் சோளகக் காற்று வீசி மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அப்போது நின்றுபிடிப்பவை ஆழ வேரோடிய முருங்கையும் மாவும் பனையும், வறட்சியைத் தாங்கும் மரவள்ளியுமே. இங்கேயும் முன்னர் நட்டு வைத்தவனுக்கே பயன் கிட்டுகிறது. ஆண்டின் சக்கரம் இவ்வாறு ஒருமுறை சுழன்று முடிகையில், பன்னிரண்டு மாதத் தோட்டத்துக்கு வேண்டியவை எவையெனத் தெளிவாகிறது: காத்திருக்க ஒரு முதல், உறுதியான நிலம், ஓய்வுள்ள பொழுது, பகிரப்பட்ட விதை, தடையற்ற நீர். முயற்சி இவற்றின்மேல் எழுவது, இவற்றுக்கு ஈடாவதன்று.

வடக்கில் அருமையாயுள்ள மழை மலையகத்தில் தாராளமாகப் பெய்கிறது. ஆயின் அங்கே நிலைமை என்ன? ‘தோட்டம்’ என்ற சொல்லே அங்கு வேறு பொருள்படுகிறது. யாழ்ப்பாணத்தில் அது ஒருவனது சொந்த வளவையோ பயிர் நிலத்தையோ குறிக்க, மலையகத்தில் பிறருக்குரிய தேயிலை நிலத்தைக் குறிக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத் தொழிலாளர் எனப்பட்ட மக்களுக்கு ஒரு தோட்டம் இருந்ததில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டில் அவர்கள் காலூன்றும் உரிமையைப் பறித்தது. லயத்து அறையோ வாசலுக்கு வெளியே காலூன்றும் இடத்தையும் கொடுக்கவில்லை. லயத்தின் ஓரத்திலும் சரிவிலும் கிடைத்த துண்டு நிலத்தில் கீரையும் பூசணியும் போட்ட தொழிலாளிக்கு, அத்துண்டு நிர்வாகத்தின் தயவில் கிடைத்ததேயன்றி உரிமையன்று. அண்மைக்காலத் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி வழங்கப்பட்டது. யாழ்ப்பாணக் கணக்கில் இது ஒரு பரப்புக்கும் குறைவு. வீட்டைக் கட்டியபின் அதில் மீதியாவது எவ்வளவு என்பதை வாசகர் கணக்கிட்டுக்கொள்ளலாம். எனினும் தயவுக்கும் உரிமைக்குமிடையே மலையளவு வேறுபாடு உண்டு. அந்த 7 பேர்ச்சும் போராடிப் பெற்றதே.

வீட்டுத்தோட்டத்தின் இன்னொரு முகத்தை எங்கெல்ஸ் நன்கு கண்டிருந்தார். 1872இல் அவர் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ என்ற நூலின் 1887ஆம் ஆண்டுப் பதிப்புக்கான முன்னுரையில், ஜெர்மனியின் கிராமப்புறக் குடிசைத் தொழிலாளரைப் பற்றி ஆராய்கிறார். சொந்த வீடும் சிறு தோட்டமும் உருளைக்கிழங்கு நிலமும் அவர்களுக்கு இருந்தன. அதனால் அவர்கள் வளமுற்றனரா? இல்லை. தோட்டத்திலிருந்து குடும்பம் பெறும் உணவை முதலாளி கூலியில் கழித்துக்கொண்டான். தோட்டம் விளைந்த அளவுக்குக் கூலி குறைந்தது. குறைந்த கூலியால் ஜெர்மானியப் பண்டம் உலகச் சந்தையில் மலிவாயிற்று. எமது நாட்டுக்கும் இதில் பாடமுண்டு. விலைவாசி இரட்டிப்பாகும்போது சம்பளத்தை உயர்த்துமாறு கேட்பதற்குப் பதிலாக, குறைவை முற்றத்திலிருந்து நிரப்பிக்கொள்ள மக்கள் பழகிவிட்டால், குறைந்த சம்பளமே நியாயமான சம்பளமாகிவிடும். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். முற்றத்தில் கீரை விளையும், அரிசி விளையாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவற்றைக் கூறும்போது, எம் நண்பர்களுள் சிலர் எதிர்முனைக்குச் சென்றுவிடுகின்றனர். வீட்டுத்தோட்டம் வெறும் குட்டிமுதலாளித்துவப் பொழுதுபோக்கு. சமுதாய மாற்றத்துக்கு உழைப்போர் கத்தரிச் செடியைக் கட்டிக்கொண்டு அழலாமா என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் உரமும் வடக்குக்கு வராது தடுக்கப்பட்டபோது, பல குடும்பங்களின் பிள்ளைகளை உயிரோடு காத்தவை முருங்கையிலையும் மரவள்ளியுமே. சோவியத் நாட்டிலும், கூட்டுப்பண்ணைக் குடும்பங்கள் தமக்கெனச் சிறு துண்டு நிலம் வைத்துக்கொள்ள 1935ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இடங்கொடுத்தன. மக்களின் மரக்கறிக்கும் பாலுக்கும் அத்துண்டு நிலங்கள் அளித்த பங்கு பெரிது. தான் நட்ட செடி, தான் ஊற்றிய நீர், தன் பிள்ளை உண்ணும் கறி எனத் தன் உழைப்பின் பயனைக் கண்ணெதிரே காண்பதற்கு, அந்நியமாக்கப்பட்ட உழைப்பில் நாளைக் கழிக்கும் மனிதனுக்கு எஞ்சியுள்ள மிகச்சில இடங்களுள் தோட்டமும் ஒன்று. அதனை ஏளனஞ் செய்வது உழைப்பையே ஏளனஞ் செய்வதாகும்.

ஆகவே கடமையைச் சரியான வரிசையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நிலமற்றோர்க்கு நிலம், நிலைத்த உரிமை, பொது நீர்நிலை, விதை, உழைத்து வாழப் போதிய சம்பளம், ஓய்வு நேரம் ஆகியவற்றுக்கு வழிசெய்வது அரசின் கடமை. அது முந்தியது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து, உணவும் எண்ணெயும் உரமும் வராது நின்றபோது, கியூப அரசு பயிரிடுமாறு மக்களிடம் கேட்டதோடு நின்றுவிடவில்லை. ஹவானா நகரின் வெற்று நிலங்களைப் பயிரிட முன்வந்தோர்க்கு அவற்றின் பயன்பாட்டுரிமையை இலவசமாக அளித்தது. விதையும் ஆலோசனையும் கிடைக்க ஒழுங்கு செய்தது. அந்நாடு உணவின் பெரும்பகுதியை இன்னும் இறக்குமதியே செய்கிறது. தோட்டங்களால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எனினும் அங்கே அறிவுரையோடு நிலமும் வந்தது. இங்கோ 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தி, இடையில் உழவனின் விளைச்சலை வீழ்த்திய பின்னரே அறிவுரை வந்தது.

அடுத்து வருவது அயலாரின் கடமை. விதையைக் கொடுத்து வாங்குதல், மிகுந்த காயைப் பகிர்தல், கோடையில் கிணற்றை ஒருவருக்கொருவர் திறந்துவிடுதல் ஆகியவை சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியவையல்ல. வீட்டுக்குள்ளும் இக்கடமை உண்டு. மாலையில் நீரூற்றும் வாளி மனைவியின் கையிலிருந்து கணவனின் கைக்கும் மகனின் கைக்கும் மாறுதல் வேண்டும். இவை அனைத்தும் நிறைவேறிய பின்னர், நிலமும் நீரும் பொழுதும் உள்ள ஒருவன் தன் வளவைப் பாழாக வைத்திருப்பானாயின், அவனைக் குறைகூற எமக்கு உரிமையுண்டு.

ஆசிரியர்களாகிய எமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ‘வீட்டுத்தோட்டத்தின் பயன்கள்’ என்பது கட்டுரைப் பாடத்தில் ஆண்டுதோறும் கொடுக்கப்படும் தலைப்பு. மாணவரும் சத்துணவு, சிக்கனம், உடற்பயிற்சி என்று வரிசையாக எழுதித் தருகின்றனர். வீட்டில் ஒரு சாண் நிலமும் இல்லாத மாணவனும் அவ்வாறே எழுதிப் புள்ளி பெறுகிறான். தன் வாழ்வுக்குப் புறம்பான பொய்யொன்றை அழகிய தமிழில் எழுத அவனுக்கு நாமே பயிற்சியளிக்கிறோம். தலைப்பைச் சற்று மாற்றிக் கொடுப்போம். உன் ஊரில் கோடையிலும் பச்சையாக நிற்கும் வளவுகள் எவை, காய்ந்து கிடப்பவை எவை, ஏன் அவ்வாறு உள்ளன என்று கண்டெழுதச் சொல்வோம். அவன் ஊரைச் சுற்றி நடந்து, கிணறுகளை எண்ணி, காணி யாருடையதென வினவி எழுதட்டும். அத்துடன் பாடசாலைத் தோட்டத்துக்குச் சித்திரை விடுமுறையில் நீரூற்றும் முறையையும் ஆசிரியரும் மாணவரும் கூடி இத்தவணையிலேயே வகுத்துக்கொள்ளலாம்.